ஆய்வேட்டு ஆங்கிலத்தில் பெயரடைகள்: சேலம் ஆய்வு மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஓமலூர்): ஐயா, ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். 'குட்', 'பேட்', 'பிக்' என்று எழுதிய இடங்களையெல்லாம் நெறியாளர் சிவப்பு மையால் சுழித்திருக்கிறார். இவற்றுக்கு மாற்று எவை?

பதில்: அடுத்து வரும் பெயர்ச்சொல்லைப் பார்க்காமல் மாற்றுச் சொல் கூற இயலாது. 'பிக் இன்க்ரீஸ்' என்பதைச் 'சப்ஸ்டான்ஷியல் இன்க்ரீஸ்' என்றும், 'பேட் எஃபெக்ட்' என்பதை 'அட்வர்ஸ் எஃபெக்ட்' என்றும் எழுதலாம். 'குட் மெத்தட்' என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. உங்கள் சுத்திகரிப்பு முறை கரிமச் சுமையைக் குறைக்கிறது என்றால் அது 'எஃபெக்டிவ்'. குறைந்த செலவிலும் நேரத்திலும் அதைச் செய்கிறது என்றால் 'எஃபிஷியன்ட்'. திரும்பத் திரும்பச் செய்தாலும் ஒரே முடிவைத் தருகிறது என்றால் 'ரிலையபிள்'. மூன்றில் எதை நீங்கள் சோதித்தீர்களோ அதை மட்டுமே எழுதுங்கள்.

கேள்வி (பெரியார் பல்கலைக்கழக ஆய்வு மாணவி): வெள்ளிக் கொலுசுத் தொழிலாளர்களின் கூலியை ஆராய்கிறேன். 'சிக்னிஃபிகன்ட்' என்று எழுதினாலே எந்தச் சோதனை செய்தீர்கள் என்று கேட்கிறார்களே?

பதில்: கேட்பது நியாயம்தான், அம்மா. அளவுசார் ஆய்வில் அச்சொல் புள்ளியியலுக்கு உரியதாகிவிட்டது; முன்னரே வகுத்துக்கொண்ட வரம்பைவிட, பெரும்பாலும் 0.05ஐவிட, பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாகத் தென்படும் வாய்ப்பு) குறைவாக இருந்தால்தான் அதைப் பயன்படுத்துவார்கள். அப்போதும் அது வேறுபாட்டின் பருமனைச் சொல்வதில்லை. பல்லாயிரம் பேரிடம் தரவு திரட்டினால், நாளொன்றுக்கு இரண்டு ரூபாய்க் கூலி வேறுபாடுகூடச் 'சிக்னிஃபிகன்ட்' ஆகிவிடக்கூடும். அதைச் 'சப்ஸ்டான்ஷியல்' என்று எந்தத் தொழிலாளியும் ஒப்புக்கொள்ள மாட்டார். சோதனை செய்யாத இடங்களில் 'கன்சிடரபிள்', 'மார்க்ட்', 'நோட்டபிள்' போன்றவை பொருந்தும். எண் கையில் இருந்தால் எண்ணையே எழுதுவது இவை அனைத்தையும்விட நல்லது.

கேள்வி (ஏற்காடு): சேர்வராயன் மலையின் பாக்சைட் படிவுகளை 'வெரி யூனிக்' எனலாமா?

பதில்: கூடாது. 'யூனிக்' என்றால் வேறெங்கும் இல்லாதது; அதற்கு மேல் 'வெரி' ஏறாது. மேலும், பாக்சைட் அருகிலுள்ள கொல்லிமலையிலேயே இருப்பதால் 'யூனிக்' என்பதே தவறான தகவல். வேறுபடுத்தும் இயல்பு ஒன்றை உங்களால் காட்ட முடிந்தால் 'டிஸ்டிங்டிவ்' என்று எழுதி, அந்த இயல்பையும் அதே வாக்கியத்தில் குறிப்பிடுங்கள்.

கேள்வி (ஆத்தூர்): ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களின் ஆவணங்கள் 'ஹிஸ்டாரிக்' ஆவணங்களா, 'ஹிஸ்டாரிகல்' ஆவணங்களா?

பதில்: பழங்காலத்தைச் சார்ந்தவை என்ற அளவில் 'ஹிஸ்டாரிகல்'. வரலாற்றின் போக்கைத் திருப்பியவற்றுக்கே 'ஹிஸ்டாரிக்' பொருந்தும். அதுபோலவே பொருளாதாரம் சார்ந்தது 'எகனாமிக்', சிக்கனமானது 'எகனாமிகல்'.

கேள்வி (மேட்டூர்): முறைசார் பெயரடைகளின் பட்டியலை மனப்பாடம் செய்தால் போதுமா?

பதில்: மொழியியலாளர் எவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஓர் அடிச்சொல்லும் அதிலிருந்து பிறந்த சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) உள்ளன, படிக்கத் தக்கதுதான். ஆனால் சொல்லைத் தனியே படித்தவர் 'ஹை டெம்பரேச்சர்' என்று வர வேண்டிய இடத்தில் 'சப்ஸ்டான்ஷியல் டெம்பரேச்சர்' என்று எழுதிவிடுகிறார். உங்கள் துறையின் தரமான இதழ்க் கட்டுரைகளிலிருந்து பெயரடையையும் பெயர்ச்சொல்லையும் இணையாகவே குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் அணையைப் பற்றி எழுதும்போது 'இம்மென்ஸ்' என்ற சொல்லைத் தேடி அலைய வேண்டாம். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று எழுதினால் தேர்வாளருக்குக் கேட்க ஒன்றும் இராது.