சிங்கப்பூர் சைனாடவுனுக்குப் பகலில் போவது வீணா?

சைனாடவுனுக்கு விளக்கு வைத்த பிறகுதான் போக வேண்டும், பகலில் அங்கே வெயிலைத் தவிர வேறொன்றுமில்லை என்று நண்பர்கள் சொன்னதாகவும், அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வெயில் உண்மைதான். ஆனால் இங்கே சில ஆண்டுகளாக வசிப்பவன் என்ற முறையில், காலை ஒன்பது மணிக்கு அங்கே போவதையே நான் பரிந்துரைப்பேன். இரவில் கண்ணுக்குப் படுபவை பெரும்பாலும் விளக்குகளும் நினைவுப்பொருள் கடைகளும்தான். பகலில்தான் தெருப்பெயர்ப் பலகைகளை நின்று படிக்க முடியும், அந்த வட்டாரத்தின் கதை அவற்றில்தான் இருக்கிறது.

சைனாடவுன் ரயில் நிலையத்தின் ஏ வாசல் வழியாக வெளியே வந்தால் நேராக பகோடா ஸ்திரீட்டில் நிற்பீர்கள். பெயரைக் கேட்டதும் சீனப் புத்த கோபுரம் ஒன்று அங்கே இருந்திருக்கும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் ஐரோப்பியர்கள் தென்னிந்தியக் கோயில்களையும் பகோடா என்றே அழைத்தார்கள். மாமல்லபுரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ஏழு பகோடாக்கள் என்பது நினைவிருக்கலாம். இந்தத் தெருவின் பெயருக்குக் காரணம், அதன் மறுமுனையில் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிற்கும் மாரியம்மன் கோயில். 1819-இல், இங்கே ஆங்கிலேயக் குடியிருப்பை நிறுவிய ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827-இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் அமைத்த கோயில் அது. அதன் ஒரு புறம் பகோடா ஸ்திரீட், மறுபுறம் டெம்பிள் ஸ்திரீட். சற்றுத் தள்ளி, 1826-இல் சோழியா முஸ்லிம்கள், அதாவது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலால் பெயர் பெற்ற மாஸ்க் ஸ்திரீட். ஆக, 1822-ஆம் ஆண்டு நகரமைப்புத் திட்டத்தில் சிங்கப்பூர் ஆற்றுக்குத் தென்மேற்கே சீனர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதியின் நடுவிலேயே, மூன்று தெருக்கள் நம்மவர்களின் வழிபாட்டிடங்களால் பெயர் பெற்றிருக்கின்றன. நண்பகலில் அம்மன் கோயிலின் நடையைச் சாத்திவிடுவார்கள் என்பதால், முதலில் அங்கே போய்விடுவது நல்லது.

வெயில் ஏறியதும் கடைவீடுகளின் முன்னே ஓடும், ஐந்தடி எனப்படும் நடைவழிக்குள் நுழைந்துவிடுங்கள். கட்டடந்தோறும் இப்படிக் கூரையிட்ட நடைவழி விட வேண்டும் என்பதும் அந்தக் காலத்து விதிதான். அதனால் பாதி தூரத்தை நிழலிலேயே கடந்துவிடலாம். ஸ்மித் ஸ்திரீட்டில் உள்ள சைனாடவுன் காம்ப்ளெக்ஸின் அடித்தளத்து ஈரச்சந்தையை மட்டும் விட்டுவிடாதீர்கள். கருங்கோழி, விலாங்கு, உலர்ந்த காளான், கட்டுக்கட்டாகக் கீரை, ஈரத்தரையில் சக்கரக்கூடையை இழுத்துக்கொண்டு பேரம் பேசும் பாட்டிகள் என்று அது காலையில் மட்டுமே உயிரோடிருக்கும் இடம். மேல்மாடி உணவங்காடியில் ஒரு கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) குடித்துவிட்டு வெளியே வந்தால், பக்கத்துச் சதுக்கத்தில் முதியவர்கள் சீனச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆடுபவர் இருவர், காயை எங்கே நகர்த்த வேண்டும் என்று சொல்பவர் பத்துப் பேர். இது நம் ஊர்த் திண்ணையிலும் நடப்பதுதான்.

அதன் அருகிலுள்ள சேகோ லேனில் ஒரு காலத்தில் மரண வீடுகள் இருந்தன. குடும்பமின்றி உழைத்து முதுமையடைந்த சீனக் கூலிகளும் வீட்டுப் பணிப்பெண்களும் நெருக்கடியான வாடகை அறைகளில் இறப்பது அமங்கலம் என்று கருதப்பட்டதால், கடைசி நாட்களைக் கழிக்க இங்கே வந்து படுத்தார்கள். 1961-இல் அவை தடை செய்யப்பட்டன. இப்போது அருகிலேயே 2007-இல் திறக்கப்பட்ட புத்தர் பல் ஆலயம், தாங் வமிசக் காலத்துப் பாணியில், மிகப் பளபளப்பாக நிற்கிறது. எனக்கு அது சற்று அதிகமான பளபளப்பு.

பெரும்பாலானோர் இத்துடன் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் பத்து நிமிடம் கிழக்கே நடந்து தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்குப் போங்கள். 1880-களில் கடலைத் தூர்த்து முடிக்கும்வரை இந்தத் தெருதான் கடற்கரை. கப்பலை விட்டு இறங்கியவர்கள் கால் வைத்த இடம். அங்கே ஒரே வரிசையில் முதலில் அல் அப்ரார் பள்ளிவாசல், அடுத்து 1839-க்கும் 1842-க்கும் இடையில் ஹொக்கியன் சீனர்கள் கட்டிய தியான் ஹொக் கெங் ஆலயம், அதற்கடுத்து 1830-இல் கட்டி முடிக்கப்பட்ட நாகூர் தர்கா ஆகியவை நிற்கின்றன. அல் அப்ராரின் பழைய பெயர் குச்சுப் பள்ளி. குச்சு என்றால் சிறு குடிசை என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நடுவிலிருக்கும் சீன ஆலயத்தின் தெய்வம் மாசூ, கடலில் போவோரைக் காப்பவள். தென்சீனக் கடலைத் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்ததற்கு அவளுக்கு நன்றி சொன்ன பிறகுதான் மற்ற வேலைகளைத் தொடங்கினார்களாம். பக்கத்துக் கட்டடமோ நாகூர் சாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக எழுந்தது. புயலில் சிக்கிய மரக்கலங்களைக் காப்பாற்றியவர் என்று சோழமண்டலக் கரையின் மாலுமிகள் நம்பியவர் அவர். வெவ்வேறு கடல்களைக் கடந்து வந்த இரு கூட்டத்தாரும் ஒரே காரணத்துக்காக அடுத்தடுத்துக் கட்டிவைத்திருக்கிறார்கள். தர்கா இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருப்பதால், திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கடல் எந்தப் பக்கம் என்று மட்டும் தேட வேண்டாம். எதிரே தெரிவதெல்லாம் அலுவலகக் கோபுரங்கள்தான். திரும்புவதற்குத் தெலுக் ஆயர் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.