ஒப்புதல் தர வேண்டியவர் யார்?

கேள்வி: என் அப்பாவுக்குச் சென்ற ஆண்டு பக்கவாதம் வந்தது. வலது கை செயலிழந்ததோடு பேச்சும் போய்விட்டது. நாங்கள் சொல்வது ஓரளவு புரிகிறது. ஆனால் எதைக் கேட்டாலும் 'சரி' என்ற ஒரே சொல்தான் வருகிறது. சிகிச்சை பெறும் மருத்துவமனையில், பக்கவாதத்துக்குப் பிந்தைய வாழ்க்கை குறித்து ஓர் ஆய்வு நடக்கிறது. "அவரால்தான் பேச முடியாதே, நீங்களே கையெழுத்துப் போட்டு, கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுங்கள்" என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். ஆய்வில் பங்கேற்பது நல்லதுதான். ஆனால் முதலில் கேட்கப்பட வேண்டியவர் உங்கள் அப்பா.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது அஃபேசியா என்னும் மொழிக் குறைபாடாக இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது ஏற்படுகிறது. மூளையில் மொழியைக் கையாளும் பகுதி பாதிக்கப்படுவதால் சொற்கள் அகப்படாமல் போகின்றனவே தவிர, விருப்பு வெறுப்பும் முடிவெடுக்கும் திறனும் அதனாலேயே போய்விடுவதில்லை. இவர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பேசக்கூடியவர்களை மட்டும் வைத்துப் பக்கவாதத்துக்குப் பிந்தைய வாழ்க்கையை ஆராய்ந்தால், அந்த வாழ்க்கையின் மிகக் கடினமான பகுதி கணக்கிலேயே வராது. ஸ்காட்லாந்தில் பக்கவாத நோயாளிகளும் பராமரிப்பவர்களும் மருத்துவப் பணியாளர்களும் சேர்ந்து, ஆராயப்பட வேண்டிய முதல் 10 கேள்விகளைத் தேர்ந்தெடுத்தபோது, அஃபேசியாவும் அவற்றில் ஒன்றாக இடம்பெற்றது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அஃபேசியாவால் வரும் நிரந்தரப் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் இயலாமையாக ஏற்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவரை ஆய்வுக்கு உட்படுத்துவதற்கு முன், அவருக்கு எட்டக்கூடிய தொடர்பு முறைகளின் வழியாக, விவரம் அறிந்து அவரே தரும் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று அதன் 6-ஆம் பிரிவு கூறுகிறது. அதாவது, புரியும்படி சொல்லும் பொறுப்பு ஆய்வாளருடையது. பல பக்கங்களில் பொடி எழுத்தில் அச்சிட்ட படிவத்தை நீட்டிவிட்டு, 'இவருக்குப் புரியவில்லை' என்று எழுதிக்கொள்வது அந்தப் பொறுப்பை நிறைவேற்றுவதாகாது.

உங்கள் அப்பாவின் 'சரி'யையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அஃபேசியா உள்ளவர்கள் 'ஆமாம்', 'இல்லை' இரண்டையும் மாற்றிச் சொல்வதும், தலையை மாற்றி அசைப்பதும் உண்டு. ஆகவே முதலில், "இது திண்டுக்கல்லா?", "இது சென்னையா?" என்று விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டு, ✓, ✗ என்று பெரிதாக வரைந்த அட்டைகளில் சரியானதைத் தொடுகிறாரா என்று பார்க்க வேண்டும். அட்டைகளைப் பக்கவாட்டில் வைக்காமல் மேலும் கீழுமாக வைப்பது நல்லது. இடப்பக்க மூளை பாதிக்கப்பட்ட சிலருக்கு வலப்பக்கப் பார்வை குறைந்திருக்கும். பிறகு டி.வி.யை நிறுத்திவிட்டு, அவர் களைப்பில்லாமல் இருக்கும் நேரமாகப் பார்த்து, ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி என்று சொல்லி, முக்கியச் சொல்லைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டி, ஒவ்வொன்றும் புரிந்ததா என்று திருப்பிக் கேட்க வேண்டும். "ஆய்வில் சேராவிட்டால் சிகிச்சை நின்றுவிடுமா?" என்பதற்கு ✗ அட்டையைத் தொட்டால் புரிந்துகொண்டார் எனலாம். இன்னொரு நாள் அதே கேள்விகளைக் கேட்டு, அதே விடை வருகிறதா என்றும் பார்ப்பது உத்தமம். பேச்சு, மொழிப் பயிற்சியாளர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளும்படி ஆய்வுக் குழுவிடம் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். கையெழுத்து ஒரு தடையே அல்ல. குழுவைச் சேராத சாட்சியின் முன்னிலையில் இடது கைப் பெருவிரல் ரேகை போதும்.

இவ்வளவு செய்தும் அவருக்குப் புரியவில்லை என்றால், சட்டப்படியான பிரதிநிதி ஒப்புதல் தர வழி உண்டு. அப்போதும் அவர் முகம் திருப்பினாலோ தாளைத் தள்ளிவிட்டாலோ அதை மறுப்பாகவே கொள்ள வேண்டும்.

கேள்விகளுக்கு அவருக்குப் பதிலாக நீங்கள் விடை சொல்வதைப் பற்றி: பராமரிப்பவர்கள் பெரும்பாலும் நோயாளியின் வாழ்க்கையை, நோயாளியே மதிப்பிடுவதைவிட மோசமானதாக மதிப்பிடுகிறார்கள். உண்பது, உடுத்துவது போன்ற நேரடியாகப் பார்க்கக்கூடிய செய்திகளில் இந்த வேறுபாடு குறைவு, மனநிலையில் அதிகம். அதனால் உங்கள் விடைகள் பதிவாக வேண்டுமானால், அவை 'மகள் கூறியது' என்று தனியாகப் பதிவாகட்டும். அஃபேசியா உள்ளவர்களே விடை சொல்வதற்காக இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட, 39 கேள்விகள் கொண்ட 'சாகோல்-39' போன்ற, வாழ்க்கைத் தரத்தை அளக்கும் எளிய அளவுகோல்கள் இருக்கின்றன. அத்தகைய ஒன்றைப் பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஏன் என்றும் கேளுங்கள். சரியான விடை கிடைக்காவிட்டால், மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவுக்கு எழுதலாம். அதன் தொடர்பு விவரம் ஒப்புதல் படிவத்திலேயே இருக்க வேண்டும்.