ஹாஸ்டலுக்குப் போகும் முன் வீட்டிலேயே பழக வேண்டியவை

திருவட்டாறில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்குக் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்க ஆசை. கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்தாயிற்று. அப்பா கல்ஃபில் இருக்கிறார். "பரீட்சை முடிந்ததில் இருந்து போனும் கையுமாகக் கிடக்கிறாள். நாகர்கோவிலில் பைத்தான் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்க்கட்டுமா, இல்லை ஸ்போக்கன் இங்கிலீஷா?"

அம்மா, இரண்டுக்கும் இப்போது அவசரம் இல்லை. பைத்தானைக் கல்லூரியிலேயே அடியில் இருந்து சொல்லித் தருவார்கள். அங்கே யாரும் சொல்லித் தராத சில காரியங்கள் உண்டு, அவற்றுக்குத்தான் இந்த விடுமுறை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகள் படிப்பில் கெட்டி. ஆனால் பள்ளி, டியூஷன், வீடு என்றே பன்னிரண்டாவது வரை வளர்த்துவிடுகிறோம். பாங்குக்கு அம்மா, இ-சேவை மையத்துக்கு மாமா, பஸ் ஏற்றிவிட அண்ணன். ஹாஸ்டலுக்குப் போன முதல் மாதத்தில் பிள்ளை தடுமாறுவது பெரும்பாலும் பாடத்தில் இல்லை, இந்த மாதிரி விஷயங்களில்தான். ஆகவே அவளுடைய காரியங்களை இப்போதே அவள் கையில் கொடுங்கள்.

சான்றிதழ்களில் இருந்து தொடங்கலாம். சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவையில் அவளே போய் விண்ணப்பிக்கட்டும். நீங்கள் கூடப் போனாலும் வெளியே உட்காருங்கள். வீட்டில் இதுவரை யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் முக்கியம். கவுன்சிலிங் வழியாகச் சேருகிறவர்களுக்கு அதனால் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். எல்லையோரக் குடும்பங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாறசாலை பக்கம் கேரளப் பள்ளியில் சில வருடம் படித்த பிள்ளைகளிடம் இருப்பிடச் சான்று கேட்பார்கள். கடைசி நாளில் தாலுகா ஆபீஸுக்கு ஓடாமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

பெயர் விஷயத்தில் கவனம் வேண்டும். மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பாஸ்புக்கில் வீட்டுப் பெயரும் சேர்ந்து நிற்கும். மூன்றையும் மேஜையில் விரித்து அவளையே எழுத்து எழுத்தாக ஒப்பிடச் சொல்லுங்கள். வித்தியாசம் இருந்தால் மார்க் ஷீட்டில் உள்ளபடி மற்றதைத் திருத்துவது சுலபம். உதவித்தொகை ஆதாருடன் இணைந்த கணக்குக்குத்தான் வரும். இரண்டு பாங்கில் கணக்கு இருந்தால் கடைசியாக எதில் ஆதாரை இணைத்தாளோ அதில் போய் விழும். 'பணம் வரவில்லை' என்று என்னிடம் வருகிற பிள்ளைகளில் பலருக்குப் பணம் வேறு கணக்கில் கிடக்கும்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்காக 2022-ல் வந்த திட்டம் இது; 2024 கடைசியில் இருந்து அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. நம்மூரில் மிஷன் பள்ளிகளில் தமிழ் மீடியம் படித்த பிள்ளைகள் ஏராளம், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். பையன்களுக்கு இதே மாதிரி தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது.

அப்புறம் பணம். இந்த மாத வீட்டுச் செலவில் ஒரு பகுதியை அவளிடம் கொடுத்துவிடுங்கள். மீன், காய்கறி, கேஸ், கரண்ட் பில், எல்லாம் அவள் பார்க்கட்டும். இருபதாம் தேதியே காசு தீர்ந்துபோனால் திட்டாதீர்கள், மேற்கொண்டு கொடுக்கவும் செய்யாதீர்கள். மீதி நாளைக் கஞ்சியும் பயறும் வைத்து ஓட்டட்டும். உங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அது நடப்பது நல்லது. ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது என்பதையும் அப்போதே பழக்கிவிடலாம்.

பாடமே தொடக் கூடாது என்று சொல்லவில்லை. பன்னிரண்டாவது கணிதப் புத்தகத்தில் அணிகள், வகை நுண்கணிதம் இரண்டையும் தினமும் காலையில் ஒரு மணி நேரம் புரட்டினால் போதும், முதல் ஆண்டில் அதன் தொடர்ச்சிதான் வரும். தமிழ் மீடியம் என்றால் ஆங்கிலப் பேப்பரில் தினம் ஒரு செய்தியை வாய்விட்டு வாசிக்கட்டும். பணம் கட்டிச் சேரும் வகுப்பைவிட இதையே நான் நம்புகிறேன்.

போக்குவரத்தையும் பழக்குங்கள். நாகர்கோவிலில் இருந்து கோயம்புத்தூருக்கு இரவு ரயில் இருக்கிறது. அதில் ஒரு தடவை நீங்களும் அவளும் போய்வாருங்கள். டிக்கெட் போடுவது, பெட்டி தேடுவது, இறங்கி பஸ் விசாரிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வர வேண்டும் என்றால் அக்டோபர் கடைசியிலேயே உட்கார்ந்து போட வேண்டும். அவளுடைய போனில் அவளே நாள் குறித்துவைக்கட்டும்.

கடைசியாக ஒன்று, உங்களுக்கு. தினமும் நாலு தடவை கூப்பிட மாட்டேன் என்று இப்போதே அவளோடு பேசி ஒரு நேரம் முடிவு செய்துகொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்றால் சரி. ராகிங் பயம் உங்களுக்கு இருப்பது தெரிகிறது. தமிழ்நாட்டில் 1997 முதல் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) இலவச ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. அதை அவள் போனிலும் உங்கள் போனிலும் இன்றைக்கே பதிந்துவையுங்கள்.