டர்பன் பக்கத்துல வெருலம்ல இருக்கேன், முதல் குவாட்காப்டர் ட்ரோனுக்கு 1750 கேவி மோட்டார் வாங்கிட்டேன், 4எஸ் (நாலு செல்) பேட்டரி போதுமா?

பறக்கும் தம்பி, ஆனா சோம்பலா பறக்கும். கேவின்னா லோடு இல்லாதப்போ ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துல எத்தனை சுத்துங்கிற கணக்கு, அதனால 1750ஐ 4எஸ்ஸோட 14.8 வோல்ட்டால பெருக்கினா சுமார் 26,000 தான் வருது, அதே மோட்டார் 6எஸ்ல 22.2 வோல்ட்டுக்கு கிட்டத்தட்ட 39,000 போகும், 5 இன்ச் ப்ரொப்பெல்லர் போடுற ஃப்ரேமுக்கு அந்த மோட்டாரை செஞ்சதே 6எஸ்ஸுக்குத்தான். மாத்துறதுக்கு முன்னாடி மோட்டார் வேகத்தை கட்டுப்படுத்துற ஈஎஸ்சி 6எஸ் தாங்குமான்னு பாருங்க, 4எஸ் ஈஎஸ்சில சொருகினா புகைதான் வரும்.

நாலு மோட்டாரும் சேந்து தூக்குற பலம் மொத்த எடையில ரெண்டு மடங்காவது வேணும், நம்ம டர்பன் கடற்கரை காத்துக்கு நாலு மடங்கு இருந்தாத்தான் எனக்கு மனசு நிம்மதி.

இன்னொன்னு, சாட்ஸ்வொர்த்ல மாமா வீட்டு கராஜ்ல முதல்முதலா செஞ்சப்போ ப்ரொப்பெல்லரை கழட்டாம மோட்டாரை டெஸ்ட் பண்ணி விரல்ல ஆழமா வெட்டிக்கிட்டேன், தயவுசெஞ்சு கழட்டிட்டு டெஸ்ட் பண்ணுங்க.

வெருலம்னு சொன்னீங்க, கிங் ஷாகா ஏர்போர்ட் பக்கத்துல ஆச்சே, தென்னாப்பிரிக்கா விதிப்படி ஏர்போர்ட்லேர்ந்து 10 கிலோமீட்டருக்குள்ள அனுமதி இல்லாம பறக்கவிடக்கூடாது, ஆளுங்ககிட்டேர்ந்தும் 50 மீட்டர் தள்ளியே விடுங்க.