வாசகர் கேள்வி – பதில்: இரும்புக் கடாவைச் சாய்க்க எந்தக் கைத்துப்பாக்கி?

கேள்வி: மெல்பேர்ணில் வாழும் என் தங்கையின் மகன் அங்குள்ள கைத்துப்பாக்கிக் கழகம் ஒன்றில் சேர்ந்து, இரும்பில் வெட்டிய கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா உருவங்களைச் சுட்டு விழுத்தும் போட்டியைப் பழகி வருகிறான். சொந்தமாக ஒன்று வாங்குவதற்கு இப்போது அவனுக்கு அனுமதி கிடைக்கவிருக்கிறது. ".44 மக்னம் றிவோல்வர் வாங்கட்டுமா, மாமா?" என்று என்னைக் கேட்கிறான். எனக்கு வயலும் பள்ளிக்கூடமும்தான் தெரியும். துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே என் தங்கைக்கு நித்திரை வராது. நீங்கள் அந்த நாட்டில் இருந்த காலத்தில் இந்தப் போட்டியில் ஈடுபட்டவர் என்பதால் கேட்கிறேன். அவன் எதை வாங்குவது நல்லது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், முள்ளியவளை

பதில்: ஐயா, உங்கள் தங்கையின் அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. வன்னியில் பிறந்த எவருக்கும் அந்த ஓசை எதை நினைவுபடுத்தும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மருமகன் பழகுவது, மெக்சிக்கோவில் ஒருகாலத்தில் உயிருள்ள விலங்குகளைக் கட்டிவைத்துச் சுட்ட வழக்கத்துக்குப் பதிலாக, 1948 ஆம் ஆண்டளவில் உலோக உருவங்களைக் கொண்டு தொடங்கிய விளையாட்டு. அது 1960களில் எல்லை கடந்து அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்குச் சென்றது. 1976 இல் எல்ஜின் கேற்ஸ் என்பவரைத் தலைவராகக் கொண்டு கைத்துப்பாக்கி உருவச் சுடுதலுக்கென்றே ஓர் அனைத்துலகச் சங்கம் அமைந்தது. அவன் கேட்ட கேள்விக்கு என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் .44 மக்னம் வாங்க வேண்டாம். நீண்ட குழலும் நம்பத்தக்க பார்வைக்குறியும் உள்ள .22 ஒன்றை வாங்கட்டும். (இந்த எண்கள் குழல் துளையின் அளவை ஏறத்தாழ அங்குலத்தில் குறிப்பவை.)

காரணத்தைச் சொல்வதற்கு முன் போட்டியின் அமைப்பைச் சொல்ல வேண்டும். .22 ஐவிடப் பலமான ரவைகளுக்குரிய பெருந்துளைப் பிரிவில் கோழி 50 மீற்றரிலும், பன்றி 100 மீற்றரிலும், வான்கோழி 150 மீற்றரிலும், கடா 200 மீற்றரிலும் நிற்கும். .22 பிரிவில் இதே உருவங்கள் சிறிதாக்கப்பட்டு 25, 50, 75, 100 மீற்றர்களில் நிற்கும். உருவங்கள் ஐந்தைந்தாக வரிசையில் இருக்க, இடமிருந்து வலமாக, ஒன்றுக்கு ஒரு ரவை வீதம், இரண்டு நிமிடத்துக்குள் சுட வேண்டும். உருவம் நிலைமேடையிலிருந்து விழுந்தால்தான் புள்ளி. ரவை பட்டு மணிபோல ஒலித்து, ஆடி, பிறகு நின்றுகொண்ட கடாவுக்கு ஒன்றும் கிடையாது. 200 மீற்றர் என்றால் எவ்வளவு தூரம் என்று அறிய, இரணைமடுக் குளக்கட்டில் நின்று அவ்வளவு தூரத்தில் நடந்துவரும் ஓர் ஆட்டை ஒருமுறை பாருங்கள். கையில் பிடித்த துப்பாக்கியால் அந்த அளவு உருவத்தைத் தொடுவது எவ்வளவு நுட்பமான வேலை என்பது விளங்கும்.

கணக்கு ஆசிரியர்களுக்குப் பிடித்த ஒரு கணக்கும் இதில் உண்டு. குழலின் நுனியிலுள்ள முன்குறிக்கும் கண்ணின் பக்கமுள்ள பின்குறிக்கும் இடையிலான தூரம் 330 மில்லிமீற்றர் என்று வையுங்கள். முன்குறி அதற்குரிய இடத்திலிருந்து ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு விலகினால், 200 மீற்றரில் ரவை ஏறத்தாழ 60 மில்லிமீற்றர் விலகிப் போகும். அதே தவறு, குறிகளுக்கிடையே 150 மில்லிமீற்றர் மட்டுமே உள்ள குட்டைத் துப்பாக்கியில் 130 மில்லிமீற்றருக்கும் மேலான விலகலாகிவிடும். இதனால்தான் இந்தப் போட்டியில் 10 அங்குலக் குழலை எல்லோரும் விரும்புகிறார்கள். குழலின் நீளம் ரவைக்கு வேகம் தருவதோடு, கண்ணின் பிழையையும் சிறிதாக்குகிறது. விதிகளும் இதற்கு எல்லை வகுத்தன. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே சுடும் பிரிவிலும் றிவோல்வர் பிரிவிலும் குழல் 10¾ அங்குலத்துக்கும் எடை 4 இறாத்தலுக்கும் மேற்படக் கூடாது என்றும், கட்டற்ற பிரிவில் 15 அங்குலமும் நாலரை இறாத்தலும் உச்சம் என்றும் அவை அமைந்தன. வாங்குமுன் தன் கழகம் இன்று பின்பற்றும் விதிநூலை மருமகன் ஒருமுறை வாசித்துக்கொள்ள வேண்டும்.

பின்குறியைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் வாங்குபவர்கள் இதைத்தான் கடைசியாகப் பார்க்கிறார்கள். 50 மீற்றருக்குக் குறியமைத்த .44 மக்னத்தை அப்படியே 200 மீற்றருக்குச் சுட்டால் ரவை ஒரு மீற்றருக்கும் கூடுதலாகக் கீழே போய்விடும். ஆகவே ஒரே போட்டியில் நான்கு தூரங்களுக்கு ஏற்பப் பின்குறியை மூன்று முறை உயர்த்தி, அடுத்த சுற்றுக்கு மறுபடி கோழியின் இடத்துக்கே இறக்க வேண்டும். குறியின் திருகைத் திருப்பும்போது எண்ணும் சொடுக்குகளில், உயர்த்திய அதே எண்ணிக்கையை இறக்கும்போது குறி பழைய இடத்துக்கே சரியாகத் திரும்புகிறதா என்பதே உயிர்நிலையான கேள்வி. கழகத்தில் ஒருவரின் துப்பாக்கியை இரவல் வாங்கி, ஐந்து ரவை சுட்டு, பின்குறியை உச்சத்துக்கு ஏற்றி இறக்கி, மறுபடி ஐந்து சுட்டால் இரு கூட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்பது தெரிந்துவிடும். அவை ஒன்றின்மேல் ஒன்று விழாவிட்டால், அந்தத் துப்பாக்கி எவ்வளவு அழகாயிருந்தாலும் வேண்டாம்.

சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையும் அப்படியே. பாரம் குறைந்ததாக இருப்பதைவிட ஒவ்வொரு முறையும் ஒரே அளவில், இழுபறியின்றி, கண்ணாடிக் குச்சி முறிவதுபோல விடுபடுவதே முக்கியம்.

இனி .44 பற்றி. பெருந்துளைக் கடா ஏறக்குறைய 50 இறாத்தல் எடையுள்ள இரும்பு. அதைச் சாய்ப்பது ரவையின் உந்தம், அதாவது திணிவையும் வேகத்தையும் பெருக்கி வருவது. 240 கிரெயின், அதாவது ஏறத்தாழ 15½ கிராம் எடையுள்ள .44 ரவை குழலைவிட்டு வினாடிக்கு ஏறத்தாழ 420 மீற்றர் வேகத்தில் போவதால் உந்தத்துக்குக் குறைவில்லை. அதனால்தான் அது தொடக்க காலத்தில் பெரும் புகழ் பெற்றது. வேகம் மிகுந்த இலேசான ரவை பார்ப்பதற்குப் பலமுள்ளதாகத் தோன்றினாலும், அதன் ஆற்றலில் பெரும்பகுதி தகட்டில் நொறுங்கிச் சிதறுவதில் செலவாகி, கடாவைத் தள்ளும் உந்தம் போதாமல் போவதுண்டு. 1963 இல் வந்த றெமிங்ரன் எக்ஸ்.பி.-100 என்னும், ஒருமுறைக்கு ஒரு ரவையே இடும் ஒற்றைச் சுட்டுத் துப்பாக்கி மிக நுட்பமாகச் சுட்டும், அதன் .221 ரவை கடாவுக்குப் போதாதிருந்ததால், போட்டியாளர்கள் அதற்குக் கனத்த ரவைகளுக்குரிய குழலைப் பொருத்த வேண்டியிருந்தது. இன்னொன்றும் உண்டு: முதுகுக் கோட்டருகே பட்டால் நெம்புகோல் நீளமாகிக் கடா எளிதில் சாயும், காலடியில் பட்டால் .44 கூடத் தோற்கும். நல்ல இடத்தில் படச் சுடத் தெரியாதவனுக்குப் பலமான ரவை துணைசெய்யாது.

அந்தப் பலத்துக்கு உடலும் விலை கொடுக்கிறது. இதை நான் பட்டறிந்தே எழுதுகிறேன். நானும் முதலில் ஒரு பழைய .44 றிவோல்வரைத்தான் வாங்கினேன்; விற்றவர் நல்லதென்று சொன்னதை நம்பிச் சோதிக்காமல் எடுத்தேன். இரண்டு மாதத்துக்குள், விசையை இழுக்குமுன்பே கண்ணை மூடிக் கையை இறுக்கும் பழக்கம் என்னைப் பற்றிக்கொண்டது. அதைப் போக்க .22 உடன் ஓர் ஆண்டுக்குமேல் உழைத்தேன். மேலும் இந்தப் போட்டியில் பலர் முதுகைச் சாய்த்துப் படுத்து, மடித்த காலின் பக்கத்தில் துப்பாக்கியைத் தாங்கிச் சுடுவார்கள். றிவோல்வரில் ரவைகளைத் தாங்கிச் சுழலும் உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியால் சூடான வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் பாயும். காலில் தடித்த தோல் மறைப்புக் கட்டாமல் ஒருநாள் சுட்ட தழும்பு என் முழங்காலுக்குக் கீழே இன்னும் இருக்கிறது. ஒற்றைச் சுட்டுத் துப்பாக்கியில் அந்த இடைவெளியே இல்லை.

அதனால் உங்கள் மருமகன் இரண்டாவது படியாகப் பெருந்துளைக்குப் போகும்போது நான் முதலில் காட்டுவது தொம்சன் சென்ரர் நிறுவனத்தின் கொண்டென்டர். 1967 இல் அறிமுகமான, நடுவில் முறித்துத் திறக்கும் ஒற்றைச் சுட்டுத் துப்பாக்கி அது. ஒரே உடலில் .22 குழலையும் பெருந்துளைப் பிரிவுக்குரிய 7 மி.மீ. ரி.சி.யு. என்னும் ரவைக்கான குழலையும் மாற்றி மாற்றிப் பொருத்தலாம். பிடியும் விசையும் மாறாமலிருப்பதால், மலிவான .22 இல் கை கற்றதெல்லாம் பெரிய குழலிலும் பயன்படும். 7 மி.மீ. ரவை மெலிந்து நீண்டதாகையால் தூரத்தில் வேகத்தை எளிதில் இழக்காது; .44 ஐவிடக் கையை மெதுவாகவே உதைக்கும். றிவோல்வர்தான் மனத்துக்குப் பிடித்ததென்றால், கனத்த ரவையுடன் .357 மக்னம் அளவில் ஃபிறீடம் ஆர்ம்ஸ் 83 போல இறுக்கமாகச் செய்யப்பட்டதைத் தேடட்டும். ஆனால் அது விலையுயர்ந்தது, பழையதைப் பொறுமையாகத் தேட வேண்டியிருக்கும். பழைய றிவோல்வர் எதுவாயினும், சுத்தியலை ஏற்றிய நிலையில் உருளை ஆடுகிறதா என்பதையும், உருளை இடைவெளிக்கு மேலேயுள்ள சட்டப்பட்டை வாயுவால் அரிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்ட வேண்டும். 1980களில், .357 மக்னத்தைவிடப் பலமான .357 மக்ஸிமம் றிவோல்வர்களில் இலேசான ரவையை மிகுந்த வேகத்தில் சுட்டவர்கள் அந்த அரிப்பைக் கண்டு திகைத்தார்கள்.

சட்டத்தைப் பற்றி ஒன்று. 2002 ஒக்ரோபரில் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் நடந்த சூட்டுக்குப் பின் அவுஸ்திரேலியா, விளையாட்டுக்கான கைத்துப்பாக்கிகளின் துளையை .38 அளவுக்குள் மட்டுப்படுத்தியது. இரும்பு உருவப் போட்டி போன்ற சிலவற்றுக்கே .45 வரை தனி அனுமதி உண்டு. ஆகவே .44 வாங்குவதற்குக் கூடுதல் அனுமதி வேண்டும்; .22 க்கும் .357 க்கும் அந்தச் சிக்கல் இல்லை. அங்கு விதிகள் அவ்வப்போது இறுக்கப்படுவதால், பணம் கட்டுமுன் கழகச் செயலாளரிடம் கேட்டுக்கொள்ளட்டும். உங்கள் தங்கைக்கு நீங்கள் சொல்லக்கூடியது இது: பயிற்சிக் காலம் முடியாமல் அங்கு யாருக்கும் சொந்தத் துப்பாக்கி கிடையாது, வீட்டில் அது பூட்டிய இரும்புப் பெட்டியில்தான் இருக்க வேண்டும், ரவைகள் வேறாகப் பூட்டப்பட வேண்டும். மருமகன் காதுக்குள் அடைப்பானும் அதன்மேல் கவசமும் ஆக இரண்டும் அணிகிறானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயல் காவலுக்கு அனுமதி பெற்ற துவக்கு என்னிடம் உண்டு. பழைய உழவு இயந்திரத் தகட்டில் பன்றி உருவம் வெட்டி வைத்துச் சுட்டுப் பழகலாமா?
– விவசாயி, ஒட்டுசுட்டான்

பதில்: வேண்டாம், ஐயா. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் உங்களுக்குத் தரப்பட்ட அனுமதி பயிரைக் காப்பதற்கே உரியது. அதைவிட உடனடியான ஆபத்து தகட்டில் இருக்கிறது. போட்டிக்குரிய உருவங்கள் கடினமான எஃகில் வெட்டப்பட்டு, விழுவதற்கு வசதியாகத் தளர்வாக நிறுத்தப்படுகின்றன. பின்னால் உயரமான மண்ணணை இருக்கும். மென்மையான பழைய இரும்பில் குழி விழும். அந்தக் குழியில் அடுத்து படும் ஈயம் சுட்டவரை நோக்கியே திரும்பி வரும். சிதறு ரவைத் துவக்குக்கு இந்தப் போட்டியும் பொருந்தாது.

கேள்வி: நான் உயர்தரம் படிக்கிறேன். கைத்துப்பாக்கிச் சுடுதலில் ஈடுபட விருப்பம். இரும்பு உருவப் போட்டி இங்கு இல்லாத நிலையில் எதில் தொடங்கலாம்?
– மாணவி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, 10 மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கியில் தொடங்குங்கள். அது ஒலிம்பிக் பிரிவு; நம் நாட்டின் தெஹானி எகொடவெல ரோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீற்றர் காற்று றைஃபிள் பிரிவில் போட்டியிட்டதை நீங்கள் அறிந்திருக்கலாம். அங்கீகாரம் பெற்ற கழகம் ஒன்றின் துப்பாக்கியிலேயே முதலாண்டைக் கழியுங்கள். காற்றுத்துப்பாக்கியும் விளையாட்டுச் சாமான் அல்ல, சொந்தமாக வாங்க எண்ணினால் மாவட்டச் செயலகத்தில் விசாரித்த பிறகே வாங்க வேண்டும். 4.5 மி.மீ. துளை, 1,500 கிராமுக்கு மேற்படாத எடை, 500 கிராமுக்குக் குறையாத விசைப்பாரம் என்பன அனைத்துலக விதிகள். இவற்றுக்குள் அடங்கும் துப்பாக்கிகள் பல இருந்தாலும், உங்களுக்கு உகந்தது எது என்பதைப் பிடியே தீர்மானிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கையை இலக்கை நோக்கி நீட்டி, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். முன்குறி பின்குறியின் வெட்டுக்கு நடுவே தானாக நின்றால் அந்தப் பிடி உங்கள் கைக்கு உரியது. ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் மரப்பிடியைச் சிறிது சிறிதாக அரத்தால் செதுக்க வேண்டியிருக்கும். அதைப் பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.