டிஸ்க் மவுண்ட் ஆகும்வரை சர்வீஸ் காத்திருக்க: கேள்வி பதில்

கேள்வி: லினக்ஸ் சர்வரில் மரியாடிபி டேட்டாபேஸின் டேட்டா முழுவதும், /டேட்டா டைரக்டரியில் மவுண்ட் ஆகும் (இணைக்கப்படும்) தனி டிஸ்கில் இருக்கிறது. எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் நோஃபெயில் போட்டிருக்கிறேன். ரீபூட் செய்தால் சில நேரம் டிஸ்க் மவுண்ட் ஆவதற்குள் மரியாடிபி கிளம்பி, ஃபெயில் ஆகிறது. ஸ்லீப் 30 சேர்த்தால் போதுமா சார்?

பதில்: ஸ்லீப் வேண்டவே வேண்டாம். டிஸ்கைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓடும் நாளில் 30 விநாடி போதாது, மற்ற நாளில் வீண். உங்கள் சிக்கலுக்குக் காரணம் நோஃபெயில். பூட்டின்போது சர்வீஸ்களைத் தொடங்கும் சிஸ்டம்டி, எஃப்எஸ்டேப்பின் வரிகளை மவுண்ட் யூனிட்களாக மாற்றிக்கொள்ளும். சாதாரண லோக்கல் டிஸ்க் என்றால் லோக்கல்-எஃப்எஸ் டார்கெட் என்ற பூட் கட்டத்துக்கு முன்பே மவுண்ட் முடிந்தாக வேண்டும். வழக்கமான சர்வீஸ்கள் அதற்குப் பிறகுதான் தொடங்கும். நோஃபெயில் போட்டால், டிஸ்க் வராவிட்டாலும் பூட் நிற்காது. ஆனால் அதற்காக யாரும் காத்திருக்கவும் மாட்டார்கள். இந்த இரண்டாவது பாதியைப் பலர் கவனிப்பதில்லை.

நோஃபெயில் அப்படியே இருக்கட்டும். சிஸ்டம்சிடிஎல் எடிட் கொடுத்து, மரியாடிபி சர்வீஸின் யூனிட் பகுதியில் ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/டேட்டா என்று ஒரு வரி சேருங்கள். டிஸ்க் வந்த பிறகே மரியாடிபி தொடங்கும், வராவிட்டால் தொடங்காது. மற்ற சர்வீஸ்கள் தம் வழியில் போகும்.

கேள்வி: அந்த வரிக்குப் பதில் ஆஃப்டர் வரி மட்டும் போட்டால் ஆகாதா?

பதில்: ஆகாது. ஆஃப்டர் வரிசையைத்தான் சொல்லும். மவுண்ட் தோற்றாலும் சர்வீஸ் கிளம்பிவிடும். அது பேக்கப் சர்வீஸ் என்றால் காலி டைரக்டரியில் எழுதி ரூட் டிஸ்கை நிரப்பும். பிறகு மவுண்ட் செய்ததும் அந்த ஃபைல்கள் கண்ணுக்கே தெரியாது; இடம் எங்கே போனது என்று தேடித் தவிப்பீர்கள். மவுண்ட் ஆகாத நிலையில் அந்த டைரக்டரிக்கு சிஎச்ஏடிடிஆர் +ஐ (மாற்ற முடியாதபடி பூட்டும் கட்டளை) போட்டு வையுங்கள், ரூட் யூசரும் அதற்குள் ஃபைல் உருவாக்க முடியாது.

கேள்வி: நெட்வொர்க் வழியாக ஃபைல் பகிரும் என்எஃப்எஸ்ஸுக்கும் இதே வரிதானா?

பதில்: அதே வரிதான். ஐஸ்கஸி டிஸ்க் என்றால் எஃப்எஸ்டேப்பில் _நெட்டெவ் சேர்க்க வேண்டும். இஎக்ஸ்டி4 என்ற ஃபைல்சிஸ்டம் வகையை மட்டும் பார்த்தால் அது நெட்வொர்க் வழியாக வருவது சிஸ்டம்டிக்குத் தெரியாது.

கேள்வி: டாக்கர் கண்டெய்னரில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ஓடுகிறது. அதன் டேட்டாவும் இப்படித் தனி டிஸ்கில்தான். ரீபூட் ஆனதும் டேட்டாபேஸ் காலியாக வந்தது. எல்லாம் போய்விட்டதா?

பதில்: பதற வேண்டாம், பழைய டேட்டா அந்த டிஸ்கிலேயே இருக்கும். மவுண்ட் ஆகுமுன் கண்டெய்னர் கிளம்பியிருக்கிறது. காலி டைரக்டரியைக் கண்டால் அதிகாரபூர்வ போஸ்ட்கிரஸ் இமேஜ் புது டேட்டாபேஸை உருவாக்கிவிடும். பிறகு டிஸ்க் வந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னர் பழைய காலி டைரக்டரியையே பிடித்திருக்கும். முதலில் கண்டெய்னரை நிறுத்துங்கள். மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று ஃபைண்ட்எம்என்டி கட்டளை கொடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இதற்கிடையில் யாராவது புது டேட்டாபேஸில் பதிவு செய்திருந்தால், டிஸ்கை அன்மவுண்ட் செய்து அடியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். பிறகு அந்த ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் வரியை டாக்கர் சர்வீஸிலேயே சேர்த்துவிடுங்கள்.