மொய் வரும் என்று நம்பி இன்னொரு கடன் வாங்கலாமா?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி ஆறு வாரம் ஆகிறது. மாமல்லபுரத்தில் கடற்கரை ரிசார்ட்டில் 120 பேரை மட்டும் அழைத்து நடத்தினோம். அதற்காகக் கணவர் பெயரில் 12 லட்சம் பர்சனல் லோன் எடுத்திருக்கிறோம் (14 சதவீதம், 5 வருடம்). தாலி கட்டிய மறுநாள் காலை அறையைக் காலி செய்யும்போது கூடுதல் அறை, கூடுதல் சாப்பாடு என்று 2.4 லட்சத்துக்கு பில் வந்தது. கணவரின் கிரெடிட் கார்டில் தேய்த்தோம். அதே காலையில் மொய்க் கவர்களையும் நோட்டையும் மாமனார் எடுத்துக்கொண்டார், மொத்தம் 3.1 லட்சம், அதில் எங்கள் நண்பர்களும் அலுவலகத்தாரும் வைத்தது 1.3 லட்சம். காரில் ஏறும் முன்பே, "சொந்தபந்தம் யாரையும் கூப்பிடவில்லை, விருதுநகரில் ஒரு வரவேற்பு வைத்தே ஆகவேண்டும்" என்றார். செலவு 7 லட்சம் ஆகும், மொய்யிலேயே வந்துவிடும் என்கிறார். வங்கி ஆப்பில் கணவருக்கு முன் அனுமதி பெற்ற கடன் என்று 7 லட்சம் காட்டுகிறது. இருவருக்கும் சேர்த்துக் கையில் வரும் சம்பளம் 1.4 லட்சம். வாடகை 24,000, கார் கடன் 11,500, ஊருக்கு அனுப்புவது 15,000. போன வாரம் வங்கியில் சொன்னார்கள் என்று வருடம் 1 லட்சத்துக்கு ஒரு யூலிப்பும் (காப்பீடும் முதலீடும் கலந்த பாலிசி) போட்டுவிட்டோம். இந்தக் கடனை எடுக்கலாமா? எனக்குத் தூக்கமே வரவில்லை.
- சென்னையிலிருந்து ஒரு வாசகி

பதில்: எடுக்க வேண்டாம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அந்தப் பணம் போனாலும் பரவாயில்லை, நிறுத்துங்கள்.

ரிசார்ட்டில் திருமணம் செய்தது சரியா தவறா என்று நான் பேசப்போவதில்லை. அது முடிந்த செலவு. பட்ஜெட் போடுங்கள், சிக்கனமாக இருங்கள் என்றும் சொல்லப்போவதில்லை. கணக்கை இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கும் உங்களுக்கு அது தெரியும். உங்களைக் கெடுக்கப்போவது ஒன்றுதான். வரப்போகும் மொய்யை வருமானமாக நினைத்து, அதன் மேல் கடன் வாங்குவது.

மொய் வருமானம் அல்ல. விருதுநகர்ப் பக்கம் இதை உங்களைவிட உங்கள் மாமனார் நன்றாக அறிவார். வரவேற்பில் வரும் பணத்தில் ஒரு பகுதி, இருபது முப்பது வருடமாக அவர் ஊரில் செய்த மொய் திரும்பி வருவது. அது அவருடைய பணம். மீதி, புதிதாகச் செய்பவர்கள் வைப்பது. அதை அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கும் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் கூடுதலாகப் போட்டுத் திருப்பிச் செய்யப்போவது நீங்கள் இருவரும். முதல் பகுதி உங்களுக்குச் சொந்தமில்லை, இரண்டாவது பகுதி வட்டி எழுதாத கடன். இந்த இரண்டையும் நம்பி 14 சதவீதக் கடனை எப்படி அடைப்பீர்கள்?

மொத்தத் தொகையையும் பார்ப்போம். 250 குடும்பம் வந்து சராசரியாக 1,500 ரூபாய் வைத்தால் 3.75 லட்சம். தாராளமாக 2,000 என்று வைத்தாலும் 5 லட்சம்தான். செலவு 7 லட்சம். அந்த 7 லட்சத்தை 14 சதவீதத்தில் 5 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 16,300. கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 9.8 லட்சம் போயிருக்கும்.

இனி உங்கள் மாதம். திருமணக் கடனின் தவணை சுமார் 27,900 இருக்கும். அதோடு கார், வாடகை, ஊருக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்தால் 78,400. மிச்சம் 61,600. மளிகை, பெட்ரோல், கரண்ட், போன், மருந்து எல்லாம் 35,000 என்று வைக்கிறேன். கையில் நிற்பது சுமார் 26,600. கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை 12,000 கட்டினால் அது 14,600 ஆகிவிடும். வரவேற்புக் கடனும் சேர்ந்தால் மாதம் 1,700 துண்டு விழும். யூலிப்பையும் மாதக் கணக்கில் பிரித்துப் பார்த்தால் பத்தாயிரத்துக்கு மேல் பற்றாக்குறை. அந்த நேரம் பார்த்து மாமனாருக்கு மொய் வைத்த ஒரு வீட்டிலிருந்து பத்திரிகை வரும். மறுபடியும் கார்டைத்தான் எடுப்பீர்கள். வங்கி ஆப்பில் காட்டும் அந்த 7 லட்சம், உங்களால் கட்ட முடியும் என்பதற்கான சான்று அல்ல. உங்கள் வீட்டு வாடகையோ, ஊருக்கு அனுப்பும் பணமோ அதன் கணக்கில் ஒழுங்காக ஏறியிருக்காது.

வரவேற்பைவிட அவசரமானது அந்த கிரெடிட் கார்டு. மாதம் 3.5 சதவீதம் என்பது பல கார்டுகளில் வழக்கமான வட்டி. 2.4 லட்சத்துக்கு மாதம் 8,400, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 9,900. குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டும் 12,000 ரூபாயில் அசலில் கழிவது 2,100தான்! பாக்கி இருக்கும்வரை அந்தக் கார்டில் வாங்கும் புதுப் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால் அந்தக் கார்டை இன்றே பயன்பாட்டிலிருந்து நிறுத்துங்கள்.

உங்கள் நண்பர்களும் அலுவலகத்தாரும் வைத்த 1.3 லட்சத்தை மாமனாரிடம் கேட்டு வாங்கி நேராகக் கார்டில் கட்டுங்கள். அந்த மொய்யைத் திருப்பிச் செய்யும் பொறுப்பு உங்களுடையது, அதனால் பணமும் உங்களுடையது. உறவினர்கள் வைத்த மீதி 1.8 லட்சத்தை அவரிடமே விட்டுவிடுங்கள். அதில் வாதாட நியாயம் குறைவு. கார்டில் பாக்கி 1.1 லட்சம் நிற்கும். உங்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும், ஒன்றிரண்டு வளையலை வங்கியில் வைத்து நகைக்கடன் எடுங்கள். சீதனமாக வந்த நகையில் உரிமை மனைவிக்கு மட்டும்தான் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. கணவரோ மாமியாரோ கேட்டார்கள் என்பதற்காக அதைத் தர வேண்டியதில்லை. தருவதானால் கடன் உங்கள் பெயரில் இருக்கட்டும், தவணை கணவரின் சம்பளத்திலிருந்து போகட்டும். 10 சதவீத வட்டி என்றாலும் மாதம் 900 ரூபாய் சுற்றித்தான் வரும். கார்டிலோ இதே தொகைக்கு 4,500. வட்டியை மட்டும் கட்டி வருடாவருடம் மாற்றி வைக்கும் பழக்கத்துக்குப் போகாதீர்கள். அசலோடு சேர்த்து மாதம் 23,000, 24,000 கட்டினால் ஐந்து மாதத்தில் வளையல் வீட்டுக்கு வந்துவிடும்.

மாமனாரின் ஆசையைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. தான் செய்ததைத் திரும்பப் பெறவேண்டும், சொந்தக்காரர்கள் முன்னால் மகனையும் மருமகளையும் நிறுத்தவேண்டும் என்பது நியாயமான விருப்பம். ஆனால் மொய் அவருடையது என்றால் விழாச் செலவும் அவருடையது. தான் யார் யாருக்கு எவ்வளவு செய்தார் என்று அவரையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஊர் மாறிப்போனவர்கள், காலமானவர்கள், பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் என்று கழித்து, கூட்டுத்தொகையில் அறுபது சதவீதத்தை மட்டும் உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே விழாச் செலவின் உச்சவரம்பு. அதற்குமேல் ஒரு ரூபாய் போனாலும் வேண்டாம். 2.5 லட்சம்தான் வருகிறதா? பங்குனிப் பொங்கலுக்கு எப்படியும் உறவெல்லாம் ஊருக்கு வரும். குலதெய்வம் கும்பிட்டுவிட்டு, மதியம் இலை போட்டு ஒரு விருந்து. போட்டோ மேடை, வாடகைக் கார் அலங்காரம் எதுவும் இல்லாமலே அது நிறைவாக இருக்கும்.

இந்தப் பேச்சை உங்கள் கணவர் தன் அப்பாவிடம் பேசவேண்டும். நீங்கள் பேசினால் "வந்த மருமகள் தடுக்கிறாள்" என்ற பெயர் வாழ்நாளுக்கும் நிற்கும். கடன் அவர் பெயரில், அப்பா அவருடையவர். தன் சம்பளச் சீட்டையும் மேலே உள்ள கணக்கையும் அவர் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும்.

கடைசியாக அந்த யூலிப். புதுமணத் தம்பதிகளைக் கண்டாலே வங்கியில் இதைத்தான் நீட்டுகிறார்கள். 12 லட்சம் கடன் உள்ள வீட்டுக்கு வேண்டியது கணவர் பெயரில் ஒரு சாதாரண டேர்ம் இன்ஷூரன்ஸ், அதாவது அவர் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு. வாங்கும்போதே 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் உங்களைப் பயனாளியாகக் குறிப்பிட்டுவிட்டால் கடன்காரர்கள் அந்தப் பணத்தில் கைவைக்க முடியாது. யூலிப்பில் போட்ட பணம் 5 வருடம் வெளியே வராது. ஆனால் பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பிவரும். முதலீட்டின் அன்றைய மதிப்பைப் பொறுத்துத் தொகை சற்றுக் கூடலாம், குறையலாம். நீங்கள் போட்டது போன வாரம்தான், நாள் இருக்கிறது. இந்த வாரமே கடிதம் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். "அடுத்த வருடம் பார்க்கலாம் மேடம்" என்று சொன்னால் கேட்காதீர்கள்.